எழுதியது 600 மில்லி, வயிற்றுக்குப் போனது 250: குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்வழிப் பால்

இரவுப்பணிச் செவிலியர்

வணக்கம். ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒரு கணக்கு என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அதை இந்த இணைய மன்றத்தில் உங்கள் முன் வைக்கிறேன்.

ஏழு மாதப் பெண் குழந்தை, எடை ஆறு கிலோ. நிமோனியா முற்றி நான்காவது நாளாக வென்டிலேட்டரில் இருந்தாள். மூக்கு வழியாக வயிற்றுக்குப் பால் செலுத்தும் ரைல்ஸ் டியூப் போட்டிருந்தது. அம்மா பீய்ச்சித் தரும் பால் எவ்வளவோ அது, மிச்சத்துக்குப் பால்மா. மணிக்கு 25 மில்லி வீதம் பம்பில் ஓட வேண்டும் என்று உத்தரவு. அப்படி ஓடினால் ஒரு நாளைக்கு 600 மில்லி.

காலை எட்டு மணி முதல் மறுநாள் எட்டு மணி வரை நடந்தது இது. சி.டி. ஸ்கேனுக்காக ஒன்பது மணிக்குப் பாலை நிறுத்தினார்கள். ஸ்கேன் அறையில் கூட்டம். குழந்தை திரும்பி வந்து பால் மறுபடி ஓடியபோது மணி இரண்டு. மாலை ஆறு மணிக்கு வயிற்றில் மிச்சம் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்ததில் 40 மில்லி வந்தது. மூன்று மணி நேரம் நிறுத்தச் சொன்னார்கள். மறுநாள் காலை மூச்சுக்குழாயில் போட்டிருந்த வென்டிலேட்டர் டியூபை எடுத்துவிடலாம் என்ற திட்டத்தில் இரவு இரண்டு மணிக்கே என்.பி.ஓ. (வயிற்றுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம் என்ற உத்தரவு) போட்டார்கள். ஆக, ஐந்தும் மூன்றும் ஆறும் பதினான்கு மணி நேரம் பால் இல்லை. ஓடியது பத்து மணி நேரம். 250 மில்லி.

காலை ரவுண்ட்ஸில் டாக்டர், "பால் தாங்குகிறாளா?" என்று கேட்டார். "தாங்குகிறாள் சார், மணிக்கு 25 போகிறது" என்று சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை, சார்ட்டிலும் அப்படித்தான் இருந்தது. ரத்த வாயுப் பரிசோதனை சரியாக வராததால் அன்று வென்டிலேட்டர் டியூபை எடுக்கவும் இல்லை. மதியம் பன்னிரண்டுக்குத்தான் பால் மறுபடி ஆரம்பித்தது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. எல்லா நியாயங்களையும் கூட்டினால் அந்தக் குழந்தைக்குப் பாதிகூடப் போகவில்லை.

டியூட்டி முடிந்து கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம், "சிஸ்டர், நேற்று எவ்வளவு குடித்தாள்?" என்று கேட்டார். பதில் சொல்ல உட்கார்ந்து கூட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. உங்கள் இடங்களில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

---

மூன்றாம் மாடி மருத்துவர்

சிஸ்டர், உங்கள் பிரிவில் மட்டும் நடப்பதல்ல இது. 2012இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு 8 நாடுகளின் 31 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வென்டிலேட்டரில் இருந்த 500 குழந்தைகளைப் பார்த்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்த கலோரியில் சராசரியாக 38 சதவீதம்தான் குழந்தைக்குக் கிடைத்திருந்தது. புரதத்தில் 43 சதவீதம். வசதிமிக்க மருத்துவமனைகளிலும் இதே கதைதான். குழாய்வழியாக இலக்கை நெருங்கிய கலோரி பெற்ற குழந்தைகளிடையே 60 நாளுக்குள் இறப்பு குறைவாக இருந்தது.

இதை அப்படியே காரண காரியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய் கடுமையான குழந்தைக்குத்தான் பால் அடிக்கடி நிற்கும். ஆகவே பால் குறைந்ததால் மோசமானதா, மோசமாக இருந்ததால் பால் குறைந்ததா என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஸ்கேன் அறை வாசலில் காத்திருந்த அந்த ஐந்து மணி நேரத்துக்கு நோயின் கடுமை காரணமில்லையே.

2017இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், சேர்ந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் குழாய்வழி உணவைத் தொடங்கவும், முதல் வாரம் முடிவதற்குள் கலோரித் தேவையில் மூன்றில் இரண்டு பங்காவது போய்ச் சேரவும் சொல்கிறது. 2020இன் ஐரோப்பியப் பரிந்துரை, தடையொன்றும் இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கச் சொல்கிறது. ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து ஓடிக்கொண்டிருந்தாலும், குழந்தை நிலையாக இருந்தால் கொடுக்கலாம். குடலில் சத்தம் கேட்கட்டும் என்று ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தது நாங்கள் படித்த காலத்துப் பழக்கம். அந்தச் சத்தத்துக்கும் குடல் பாலை ஏற்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

---

பொதிகை அம்மா

முப்பத்தொரு ஆண்டு செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த மாலை ஆறு மணி 40 மில்லியைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் சிரிஞ்சை மாட்டி இழுப்போம். வந்ததை கிட்னி டிரேயில் கொட்டுவோம். கிலோவுக்கு ஐந்து மில்லி தாண்டினால் பாலை நிறுத்துவோம். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பிறகு ஒரு நாள் ஒரே குழந்தைக்கு 6 எண் மெல்லிய குழாய் இருந்தபோது எட்டு மில்லி வந்தது. அடைத்துக்கொண்டதென்று 10 எண் பருமனான குழாயை மாற்றிய கையோடு இழுத்தால் முப்பது வந்தது. வயிறு அதே வயிறு. இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தால் ஒரு அளவு, மல்லாக்கப் படுக்கவைத்தால் வேறு அளவு. பெரிய சிரிஞ்சு, சின்ன சிரிஞ்சு, இழுக்கும் கையின் வேகம் எல்லாவற்றுக்கும் அளவு மாறும். இந்த அளவை நம்பியா ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டோம் என்று அன்றைக்கு நெஞ்சு கனத்தது.

வயிற்றைப் பாருங்கள். உப்பலாக, இறுக்கமாக இருக்கிறதா? தொட்டால் குழந்தை முகம் சுளிக்கிறதா? வாந்தி எடுத்ததா? இழுத்தது பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வருகிறதா? அப்படியென்றால் நிறுத்துங்கள், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். வெறும் திரிந்த பால் கொஞ்சம் வந்தால் அது ஜீரணமாகிக்கொண்டிருக்கும் பால். அதைக் கீழே கொட்டாமல் மெல்லத் திருப்பி உள்ளே விடுங்கள், அதில் அந்தக் குழந்தையின் உப்பும் அமிலமும் இருக்கிறது.

இன்னொன்று. மலம் போய் எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள். மயக்க மருந்தும் வலி மருந்தும் ஓடும் பிள்ளைக்குக் குடல் மந்தமாகிவிடும். நான்கு நாள் மலம் போகாத பிள்ளைக்கு வயிறு உப்பினால், பழி பாலின் மேல் விழும்.

---

இதயப்பிரிவு

அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்களிடம் வருவது பிறவி இதயக் கோளாறுக்கு அறுவை சிகிச்சையான பச்சிளம் குழந்தைகள். சில கோளாறுகளில் குடலுக்குப் போகும் ரத்தமே குறைவு. அந்தக் குடலில் அவசரமாகப் பாலை ஏற்றினால் குடல் அழுகல் வந்துவிடும் என்ற பயம் எங்களுக்கு நிஜமான பயம். ஒரு முறை பார்த்தவர்களுக்கு மறக்காது. ஆகவே நாங்கள் கிலோவுக்கு மணிக்கு ஒரு மில்லி என்று தொடங்கி, ரத்தத்தில் லாக்டேட் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாவிட்டால் ஏறும் பொருள்) பார்த்து, வயிற்றுச் சுற்றளவை நாடாவில் அளந்து, படிப்படியாக ஏற்றுகிறோம். மிச்சம் இழுத்துப் பார்ப்பதையும் விடவில்லை.

---

பொதிகை அம்மா

இதயப்பிரிவுக்கு: நீங்கள் சொல்வது சரி, ஏற்றுக்கொள்கிறேன். நான் சொன்னது நிமோனியா, மூளைக்காய்ச்சல், டெங்கு போன்ற பிள்ளைகளை மனத்தில் வைத்து. உங்கள் பிள்ளைகளிடம் நான் வேலை செய்ததில்லை.

---

மூன்றாம் மாடி மருத்துவர்

இருவர் சொன்னதும் ஒன்றோடொன்று மோதவில்லை. 2020இன் ஐரோப்பியப் பரிந்துரை வயிற்று மிச்சத்தை *வாடிக்கையாக* அளக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஒரு குழந்தையின் வயிறு சந்தேகமாக இருந்தால் இழுத்துப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை.

---

கண்மணி அப்பா

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் இல்லை. என் மகளுக்கு மூன்று வயதில் டெங்கு வந்து ரத்த அழுத்தம் இறங்கி ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். இப்போது பள்ளிக்குப் போகிறாள். இந்த இழையைப் படித்ததும் அந்த நாட்கள் கண்முன் வந்தன.

அப்போது நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். என் மாமியார் ஒவ்வொரு முறையும், "பிள்ளைக்குச் சாப்பாடு?" என்று கேட்பார். "குளுக்கோஸ் ஏறுகிறது அம்மா, அதில் எல்லாம் இருக்கிறது" என்று நான் சமாதானம் சொல்வேன். பாட்டில் நிறைய இருந்தது, சொட்டுச் சொட்டாக இறங்கியது, அது போதும் என்று நினைத்தேன். நான்காம் நாள் மூக்கில் குழாய் போட வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டபோது பயந்துவிட்டேன். நிலைமை மோசமாகிவிட்டது என்றுதான் அர்த்தம் என்று எனக்குத் தோன்றியது. என் மனைவி அழுதுவிட்டாள். குழாய் என்பது உணவுக்கு என்று யாராவது இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நாங்கள் முதல் நாளே கையெழுத்துப் போட்டிருப்போம். குளுக்கோஸ் பாட்டிலில் உண்மையில் எவ்வளவு சத்து இருக்கிறது?

---

உணவியல் மேசை

ஐயா, உங்கள் கேள்விக்கு இந்த ஏழு மாதக் குழந்தையை வைத்தே பதில் சொல்கிறேன்.

குளுக்கோஸ் பாட்டிலில் பெரும்பாலும் 5 சதவீதம் சர்க்கரை. 100 மில்லியில் 5 கிராம். மருந்துக்கான குளுக்கோஸில் ஒரு கிராமுக்கு 3.4 கிலோகலோரி. ஆறு கிலோக் குழந்தைக்கு ஒரு நாள் முழுக்க 600 மில்லி ஏற்றினாலும் சுமார் 100 கிலோகலோரிதான். புரதம் சுழியம், கொழுப்பு சுழியம். அதே 600 மில்லி தாய்ப்பாலாக இருந்தால் ஏறக்குறைய 400 கிலோகலோரி. சொட்டாக ஏற்றும் திரவம் உயிரைக் காக்கும், நீரையும் உப்பையும் சரிசெய்யும். பசியை ஆற்றாது.

இப்போது புரதம். வழிகாட்டுதல்கள் சொல்லும் குறைந்தபட்ச அளவு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.5 கிராம். இந்தக் குழந்தைக்கு 9 கிராம். தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் ஒரு கிராம் புரதம்தான். அதாவது 600 மில்லி முழுதாகப் போயிருந்தால்கூட ஆறு கிராம். போன 250 மில்லியில் இரண்டரை கிராம். ஒரு பக்கம் உடல் தன் தசையையே உடைத்து எரித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தசையில் மூச்சுவிடும் தசையும் அடக்கம். பிறகு வென்டிலேட்டரிலிருந்து ஏன் இறங்கவில்லை என்று பார்க்கிறோம். தாய்ப்பாலைக் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அதற்கு நிகர் எதுவும் இல்லை. நோயுற்ற குழந்தைக்கு அதோடு செறிவூட்டல் வேண்டியிருக்கலாம், அதை உணவியல் நிபுணரும் மருத்துவரும் கணக்குப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும் என்கிறேன்.

நம் ஊருக்கு முக்கியமான ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே மெலிந்து, எலும்பும் தோலுமாக வரும் குழந்தைக்கு இந்த வேகம் ஆகாது. பல நாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென்று சத்தைக் கொட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் சரியும். இதயத் துடிப்பே தடுமாறலாம். உலக சுகாதார நிறுவனம் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு எஃப்-75 என்ற பாலில் தொடங்கச் சொல்வது அதனால்தான். அதில் 100 மில்லிக்கு 75 கிலோகலோரி, புரதம் 0.9 கிராம் மட்டும். உடல் தேறிய பிறகுதான் எஃப்-100. அதில் புரதம் 2.9 கிராம்.

சமையற்கட்டிலிருந்து வரும் கஞ்சியை, அரைத்த சாதத்தைக் குழாயில் விடுவதையும் பார்க்கிறேன். வீட்டில் வயிற்றுக்குழாய் வழியே, பெரிய குழாயில், பழகிய அம்மா கொடுப்பது வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவில் 6 எண் குழாயில் அது அடைத்துக்கொள்ளும், எவ்வளவு சத்துப் போனது என்று கணக்கும் சொல்ல முடியாது, கிருமி வளரும். பால்மாவும் கிருமியற்றது இல்லை. அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டுநீரில் கலக்கி, பிறகு ஆறவைக்கச் சொல்கிறார்கள். கலக்கிய பால் பம்பில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தொங்கக் கூடாது.

---

கண்மணி அப்பா

நன்றி அம்மா. 100 என்ற எண்ணைப் பார்த்ததும் சற்று நேரம் எதுவும் தோன்றவில்லை. என் மாமியாரிடம் நான் சொன்ன பதில் தவறு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

---

முதலாண்டு முதுகலை மாணவர்

ஒரு சந்தேகம். வயிற்றுவழி இவ்வளவு தடங்கல் என்றால், குறையும் சத்தை நரம்பு வழியே ஏற்றிவிடலாமே? புரதமும் கொழுப்பும் உள்ள திரவங்கள் இருக்கின்றனவே?

---

மூன்றாம் மாடி மருத்துவர்

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். 2016இல் பெல்ஜியத்தின் லூவென், நெதர்லாந்தின் ராட்டர்டாம், கனடாவின் எட்மண்டன் ஆகிய மூன்று மையங்களில் 1440 குழந்தைகளிடம் செய்த சோதனை வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு முதல் 24 மணி நேரத்திலேயே நரம்புவழிச் சத்து. மற்றப் பிரிவுக்கு ஒரு வாரம் பொறுத்து. இரண்டு பிரிவுக்கும் குழாய்வழி உணவு உண்டு. முன்கூட்டியே நரம்பில் ஏற்றிய பிரிவில் 18.5 சதவீதக் குழந்தைகளுக்குப் புதிய தொற்று வந்தது. பொறுத்திருந்த பிரிவில் 10.7 சதவீதம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களும் பொறுத்த பிரிவில் குறைவு.

ஆகவே முதல் சில நாட்கள் கலோரி கொஞ்சம் குறைவது தானாகவே கேடு என்று நான் வாதாடவில்லை. நோயின் உச்சத்தில் உடலால் எல்லாவற்றையும் பயன்படுத்த முடியாது, மிகையாகக் கொடுப்பதும் தீங்கு. என் வருத்தம் வேறு. வயிறு வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் குழந்தைக்கு, நான்காம் நாள், ஐந்தாம் நாள், நம் ஒழுங்கின்மையால் பால் போகாமல் இருப்பது.

---

லெஸ்டர் செவிலி

மதுரையில் படித்து இங்கிலாந்தில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். பாலின் அளவைப் பேசுகிறீர்கள். குழாய் எங்கே இருக்கிறது என்பதையும் பேச வேண்டும். நான் ஊரில் கற்றது, குழாயில் காற்றை அடித்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சத்தம் கேட்பது. இங்கே வந்த முதல் வாரத்தில் அதைச் செய்யப் போய்த் தடுக்கப்பட்டேன். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அதே சத்தம் வயிற்றின் மேல் கேட்கும். அப்படிக் கேட்டு நம்பிப் பாலை விட்டு உயிர் போன நிகழ்வுகளுக்குப் பிறகு 2005இலேயே இங்கே அந்த முறையைக் கைவிடச் சொல்லி எச்சரிக்கை வந்தது. தவறான இடத்தில் இருக்கும் குழாயில் உணவு விடுவது இங்கே ஒருபோதும் நடக்கக் கூடாத நிகழ்வுகளின் பட்டியலில் இருக்கிறது.

நாங்கள் செய்வது இது: துளி திரவத்தை இழுத்து, அமிலத்தன்மையைக் காட்டும் அமிலத்தாளில் வைக்கிறோம். பி.எச். எண் குறையக் குறைய அமிலம் அதிகம்; அது 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் குழாய் வயிற்றில் இருக்கிறது, பால் விடலாம். இல்லையென்றால் எக்ஸ்ரே. அளக்கும்போது மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து மார்பெலும்பு நுனிக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி. மார்பெலும்பு நுனியோடு நிறுத்தினால் குழந்தைகளுக்குக் குழாய் பல நேரம் எட்டாமல் உணவுக்குழாயிலேயே நின்றுவிடுகிறது.

---

இரவுப்பணிச் செவிலியர்

அக்கா, எங்களிடம் அமிலத்தாள் எப்போதும் இருப்பில் இருக்காது. அமிலம் குறைக்கும் மருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓடுகிறது, அதனால் தாள் ஏழு காட்டும். ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே எடுக்கவும் முடியாது.

---

லெஸ்டர் செவிலி

புரிகிறது தங்கை. குழாய் போட்டதும் முதல் முறை எக்ஸ்ரே. வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளைக்கு எப்படியும் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள், அதற்கு முன்பே குழாயைப் போட்டுவிட்டால் ஒரே படத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம். மூக்கின் வாசலில் எத்தனை சென்டிமீட்டர் என்று சார்ட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பாலுக்கு முன்னும் அந்த எண்ணைப் பாருங்கள். பிளாஸ்திரி நனைந்திருந்தால், குழந்தை வாந்தி எடுத்திருந்தால், பலமாக இருமியிருந்தால் மறுபடி சோதியுங்கள். அந்த அமில மருந்து உண்மையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவையா என்று ரவுண்ட்ஸில் ஒரு கேள்வியும் கேளுங்கள்.

---

பச்சிளம் பிரிவு

தாய்ப்பாலைப் பம்பில் ஓட்டுபவர்களுக்கு ஒரு விஷயம். நான் கண்ணால் பார்த்தது.

ஒரு நாள் 50 மில்லி சிரிஞ்சு தீர்ந்து கழற்றினேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்சுவர் முழுக்க மஞ்சளாக ஒரு படலம், விரல் வைத்தால் வெண்ணெய்போல வழுவழுப்பு. நீட்டிப்புக் குழாயின் உள்ளேயும் அதே படலம். அவ்வளவும் கொழுப்பு. பால் நிற்கும்போது கொழுப்பு மேலே மிதந்துவிடும். சிரிஞ்சு படுக்கையாக இருந்தால் மெலிந்த பால்தான் குழந்தைக்கு முதலில் போகும், கொழுப்பு கடைசிவரை சிரிஞ்சிலேயே தங்கி, பிறகு நம்மோடு குப்பைக்கு வரும். பாலின் கலோரியில் பாதி கொழுப்பில் இருக்கிறது. அந்தத் தாய் இரவு மூன்று மணிக்கு எழுந்து, தையல் வலியோடு உட்கார்ந்து பீய்ச்சிய பால் அது.

அன்றிலிருந்து சிரிஞ்சின் முனை மேலே இருக்கும்படி பம்பைச் சாய்த்து வைக்கிறோம். கொழுப்பு முனைக்கு வந்து முதலில் போய்விடும். நீட்டிப்புக் குழாய் எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டை. சிரிஞ்சை அவ்வப்போது மெல்ல உருட்டிவிடுகிறோம். முடிந்த பிள்ளைகளுக்குப் பம்பே வேண்டாம், இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டுக் கையில் பிடித்துத் தானாக இறங்கவிடுகிறோம். தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் மெல்ல இறங்கும். வேகமானால் கையைத் தாழ்த்துங்கள். பிஸ்டனைப் போட்டு அழுத்தாதீர்கள்.

---

முதலாண்டு முதுகலை மாணவர்

பம்பில் தொடர்ச்சியாகக் கொடுப்பது நல்லதா, இடைவெளி விட்டுக் கொடுப்பதா?

---

மூன்றாம் மாடி மருத்துவர்

ஒன்று மற்றதைவிட மேல் என்று காட்டும் உறுதியான சான்று இல்லை. குழந்தைக்கும் ஆள்பலத்துக்கும் எது ஒத்துவருகிறதோ அது. தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். வயிறு தொடர்ந்து ஏற்கவில்லை என்றால் குழாயைச் சிறுகுடல்வரை கொண்டுபோகலாம். ஆனால் சிறுகுடலுக்கு மொத்தமாக ஒரே தடவையில் கொடுக்கக் கூடாது, பம்பில்தான்.

---

மயக்கவியல் பக்கம்

சி.டி., மூச்சுக்குழாய் டியூபை எடுப்பது என்று எங்கள் துறையின் பெயரில்தான் பாதி நிறுத்தம் நடக்கிறது. ஆகவே நானும் பேச வேண்டும்.

நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் கொடுக்காதே என்பது முன்கூட்டியே தேதி குறித்த அறுவை சிகிச்சைக்கு வீட்டிலிருந்து வரும் குழந்தைக்காகப் பிறந்த பழக்கம். அங்கேயே அது தளர்ந்துவிட்டது. தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரமும் அதற்குக் குறைவாகவும் சொல்லுகிறார்கள். ஏற்கெனவே மூச்சுக்குழாயில் டியூப் இருக்கும் குழந்தை ஸ்கேனுக்குப் போகும்போது, மூச்சுக்குழாயை நாம் தொடப்போவதில்லை. பல இடங்களில் கிளம்பும் முன் வயிற்றைக் குழாய்வழி இழுத்து வெறுமையாக்கிவிட்டு உடனே கிளம்புகிறார்கள். ஸ்கேன் அறையிலிருந்து அழைப்பு வந்த பிறகு நிறுத்தினால் போதும். முன்கூட்டி நிறுத்திவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

மூச்சுக்குழாய் டியூபை எடுப்பதற்கு: மருத்துவர் முதலில் நேரத்தைச் சொல்ல வேண்டும். "நாளைக் காலை" என்றால் அது நேரம் இல்லை. பத்து மணிக்கு எடுப்பதாக இருந்தால் ஆறு மணிக்கு நிறுத்துங்கள். பத்து மணிக்கு எடுக்கவில்லை என்று முடிவானால் அந்த நிமிடமே பால் ஓட வேண்டும். மறுபடி தொடங்குவதற்குத் தனி உத்தரவு எழுதும்வரை காத்திருப்பதில்தான் நேரம் போகிறது. நிறுத்தும் உத்தரவிலேயே எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள்.

---

உணவியல் மேசை

இதோடு ஒன்று. மணிக்கு இத்தனை என்று எழுதாமல் நாளைக்கு இத்தனை என்று எழுதும் முறை இருக்கிறது. 600 மில்லி இலக்கு. எட்டு மணி நேரம் நின்றுவிட்டால் மிச்சமுள்ள பதினாறு மணிக்குப் பிரித்து, மணிக்கு 37 மில்லி என்று செவிலியரே வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். எதுவரை கூட்டலாம் என்ற உச்சவரம்பை மருத்துவர் முன்பே எழுதிவைக்க வேண்டும். இதயப்பிரிவு சொன்ன குழந்தைகளுக்கும், மெலிந்த குழந்தைகளுக்கும், முதல் இரண்டு நாளுக்கும் இது வேண்டாம்.

---

இதயப்பிரிவு

நன்றி, அந்தக் கடைசி வரிக்காக.

---

கண்மணி அப்பா

வெளியே உட்கார்ந்திருக்கும் பெற்றோர் என்ன செய்யலாம்? உள்ளே விடமாட்டார்கள், கேட்டால் கோபப்படுவார்களோ என்ற பயம் இருக்கிறது.

---

பொதிகை அம்மா

தம்பி, தாராளமாகக் கேளுங்கள். "இன்றைக்குப் பால் ஆரம்பித்தீர்களா? நேற்று மொத்தம் எவ்வளவு போனது?" இந்த இரண்டே கேள்வி. அம்மாவுக்குப் பால் சுரக்கிறது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், இரவிலும் ஒரு தரம் பீய்ச்சினால்தான் சுரப்பு நிற்காது. பிள்ளை குடிக்காத நாட்களிலும் பீய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தேறி வரும்போது பால் வற்றியிருக்கும். மூடியுள்ள பாத்திரத்தில், பெயரும் நேரமும் எழுதிக் கொடுங்கள். அம்மாவுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் பலர் பிள்ளை சாப்பிடவில்லை என்று தானும் சாப்பிடாமல் இருப்பார்கள். அவர்களைத் திட்டியாவது சாப்பிடவைத்திருக்கிறேன்.

---

இரவுப்பணிச் செவிலியர்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

அந்தக் குழந்தைக்கு ஆறாம் நாள் மூச்சுக்குழாய் டியூபை எடுத்தார்கள். பத்தாம் நாள் வார்டுக்குப் போனாள். போகும்போது மூக்கில் குழாய் இருந்தது, மார்பிலும் கொஞ்சம் குடித்தாள்.

எங்கள் தலைமைச் செவிலியரிடம் இந்த இழையைக் காட்டினேன். சார்ட்டில் "மணிக்கு எவ்வளவு" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் பேனாவால் இரண்டு கட்டம் போட்டோம். ஒன்று, 24 மணி நேரத்தில் எழுதியது. இன்னொன்று, போனது. நிறுத்தினால் காரணமும் நேரமும் எழுத வேண்டும். முதல் வாரம் யாருக்கும் பிடிக்கவில்லை, எழுத்து வேலை கூடிவிட்டது என்றார்கள். இரண்டாம் வாரம் ரவுண்ட்ஸில் டாக்டர் அந்த இரண்டு எண்களையும் வாய்விட்டுப் படித்தார். 480, 190. அடுத்த கட்டிலுக்குப் போகாமல் அங்கேயே நின்று, "நடுவில் என்ன நடந்தது?" என்று கேட்டார். இப்போது எல்லாக் கட்டிலிலும் கேட்கிறார்.

வயிற்று மிச்சத்தை வாடிக்கையாக இழுப்பதைப் பெரிய பிள்ளைகளுக்கு நிறுத்திவிட்டோம். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் பயப்படுகிறார்கள், நானும் வற்புறுத்தவில்லை. சிரிஞ்சு பம்பின் அடியில் மருந்து அட்டைப்பெட்டியை மடித்துவைத்து முனையை மேலே தூக்கியிருக்கிறோம். ஸ்கேன் அறையோடு பேசி, அழைப்பு வந்த பிறகே நிறுத்துவது என்று வைத்துக்கொண்டோம். ஐந்து மணி நேரம் இப்போது இரண்டாகியிருக்கிறது.

தீராதது ஒன்று. எட்டுக் கட்டிலுக்கு இரவில் நாங்கள் மூன்று பேர். பம்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் இல்லை, இருப்பது மருந்துகளுக்கே போய்விடுகிறது. சிரிஞ்சைக் கையில் பிடித்து ஒரு பிள்ளைக்குப் பால் இறங்கக் கால் மணி நேரம் ஆகிறது. அதற்குள் பக்கத்துக் கட்டிலில் அலாரம் அடிக்கும். சிரிஞ்சைப் பிளாஸ்திரியால் கம்பியில் ஒட்டிவிட்டு ஓடினால், குழாய் நழுவுமோ, பிள்ளை வாந்தி எடுக்குமோ என்ற பயம். பயிற்சி கொடுத்து அம்மாக்களையே பக்கத்தில் நின்று பிடிக்கச் சொல்லலாமா என்று யோசிக்கிறோம். உங்களில் யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா? எந்தப் பிள்ளைகளுக்குச் செய்யலாம், எவர்களுக்குக் கூடாது என்று எழுதுங்கள்.

---

பச்சிளம் பிரிவு

நாங்கள் செய்கிறோம். வென்டிலேட்டரில் இல்லாத, நிலையாக இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். குழாய் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் செவிலியர்தான் சோதிக்க வேண்டும், அதை அம்மாவிடம் விடுவதில்லை. சிரிஞ்சைப் பிடிப்பதும், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதும், நிறம் மாறினால் குழாயை மடித்துப் பிடித்து எங்களைக் கூப்பிடுவதும் அம்மாவின் வேலை. முதல் மூன்று பாலுக்கு நாங்கள் பக்கத்தில் நிற்போம். எங்கள் பயிற்சித்தாளை நாளை தட்டச்சு செய்து இங்கே இடுகிறேன்.